மாமனார் கேட்ட கேள்வி



ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து நான் வெளியே வந்தபோது, கோவில் வாசலில் ஒரு தாயார் காத்து நின்றார். பக்கத்தில் அவருடைய மகன், முப்பது வயது மதிக்கத்தக்கவர். நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

“சுவாமி, இவனுக்கு ஒருக்கால் செபிச்சு விடுங்கோ. இரவில நித்திரை இல்லை. சாப்பாடும் இல்லை. பிள்ளையோடையும் எரிஞ்சு விழுகிறான். ஆரின்ரையோ கண்பட்டுப்போச்சு.”

அவர் வாயைத் திறந்து ஏதோ சொல்லத் தொடங்கினார். அன்று எனக்கு இரண்டு ஞானஸ்நானங்கள் காத்திருந்தன. தலையில் கையை வைத்துச் செபித்தேன். உழைப்பும் ஒரு சிலுவைதான், பொறுமையோடு சுமக்க வேண்டும், இரவில் செபமாலை சொல்லிவிட்டுப் படுக்க வேண்டும் என்று புத்தி சொல்லி அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் என் கடமை முடிந்துவிட்டது என்று எண்ணினேன்.

அதன் பிறகு பல மாதங்கள் அவரைக் கோவிலில் காணவில்லை. பின்பு ஒருநாள் மாலை அவராகவே வந்தார். முகத்தில் தெளிவு இருந்தது. மனைவியின் வற்புறுத்தலால் உளவளத்துணையாளர் ஒருவரிடம் போய் வருவதாகச் சொன்னார். நான் மகிழ்ச்சி தெரிவித்தேன். அப்போது அவர் மரியாதையாகவே சொன்னார்: “சுவாமி, அண்டைக்கு நீங்கள் சொன்னதில பிழை இல்லை. ஆனா நான் சொல்ல வந்ததை நீங்கள் கேக்கேல்லை.”

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. அன்று கேட்கத் தவறியதை இன்று கேட்கிறேன் என்று சொல்லி அவரை இருத்திக் கேட்டேன். அவருடைய அனுமதியோடு, ஆளை இனங்காட்டாமல் அதை உங்களுக்கு எழுதுகிறேன்.

கடன் கொடுக்கும் கம்பனி ஒன்றில் அவருக்கு வேலை. காலையில் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுக் கிராமம் கிராமமாகத் தவணைப் பணம் சேர்க்க வேண்டும். மாதத்துக்கு இவ்வளவு என்று டார்கெட் உண்டு. அது குறைந்தால் மறுநாட் காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் ஏச்சு. இரவிலும் தொலைபேசி ஓயாது. கடன் வாங்கியவர்களோ பெரும்பாலும் ஏழைப் பெண்கள். பணம் தரும்வரை முற்றத்தை விட்டு எழும்பக்கூடாது என்பது மேலிடத்துக் கட்டளை. ஒருநாள் அப்படி ஒரு முற்றத்தில் குந்தியிருந்தபோது, அந்த வீட்டுச் சின்னப் பிள்ளை ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. தன் தாயை அழவைக்க வந்தவர் இவர் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அவர் தண்ணீரைக் குடித்தார். அன்று இரவு தொடங்கி அவருக்கு நித்திரை இல்லை.

இதைத்தான் அவர் கோவில் வாசலில் சொல்ல வந்தார். நான் கண்ணூறு கழிப்பவரைப்போல நெற்றியைத் தொட்டு அனுப்பிவிட்டேன்.

யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். மோயீசனைப் பார்க்க அவருடைய மாமனார் ஜெத்ரோ பாலைவனத்துக்கு வருகிறார். மறுநாள் மோயீசன் மக்களின் வழக்குகளை விசாரிக்க உட்காருகிறார். காலை முதல் மாலை வரை சனங்கள் சூழ்ந்து நிற்கின்றனர். ஜெத்ரோ உடனே புத்தி சொல்லவில்லை. நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: ஏன் நீ மட்டும் தனியாக இருந்து இதைச் செய்கிறாய்? மோயீசன் சொன்ன பதிலை முழுவதும் கேட்டார். அதன் பின்னரே, இந்தச் சுமை உன் பலத்துக்கு மிஞ்சியது, நீயும் களைத்துப்போவாய், இந்தச் சனங்களும் களைத்துப்போவார்கள் என்று எடுத்துச் சொன்னார்.

மோயீசன் யார்? எரியும் முட்செடியின் முன் நின்று கடவுளோடு பேசியவர், கடலைக் கடந்தவர். செபத்தில் அவருக்குக் குறைவிருந்தது என்று எவராவது சொல்லத் துணிவோமா? ஆயினும் அவருக்கும், பக்கத்தில் இருந்து பார்த்துக் கேட்கும் ஒரு மனிதர் தேவைப்பட்டார். அந்த மனிதரோ இஸ்ராயேல் குலத்தவரும் அல்லர். மாதியான் நாட்டுக் குரு. உதவி எந்த வாசலால் வந்தாலும் அது கடவுள் அனுப்பியது என்று மோயீசன் ஏற்றுக்கொண்டார். வெட்கப்படவில்லை.

நாமோ வெட்கப்படுகிறோம். உளவளத்துணையாளரிடம் போ என்றால், “எனக்கென்ன விசரோ?” என்று சீறுகிறோம். ஊர் என்ன சொல்லும், தங்கச்சியின் கலியாணம் குழம்பிவிடுமோ என்று பயப்படுகிறோம். காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதை மறைக்காத நாம், மனக்களைப்பை மட்டும் மூடிவைக்கிறோம். மூடிவைத்த துயரம் உடம்பில் வெளிப்படும். தலையிடி, நெஞ்செரிவு, தலைச்சுற்று, கைகால் உளைவு என்று மருந்துக் கடையை நாடி நடப்போரில் எத்தனை பேருக்கு உண்மையான நோவு வேலைத்தலத்தில் இருக்கிறது! நமது மக்கள் மனநோவை உடல்நோவாகவே சொல்லப் பழகியவர்கள் என்பதை, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் நெடுங்காலம் பணிபுரிந்த உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் தமது எழுத்துக்களில் விளக்கியிருக்கிறார்.

இந்த மண்ணில் வேலை செய்தவர்கள் சுமந்த சுமை கொஞ்சமல்ல. 1987ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதியை நினைத்துப் பாருங்கள். அன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படையினர் நுழைந்து சுட்டதில், நோயாளரோடு வைத்தியர்களும் தாதியரும் சிற்றூழியருமாகப் பலர் கடமையிலிருந்தபடியே மாண்டனர். உயிர்தப்பியவர்கள் அதே விடுதிகளுக்குத் திரும்பி வந்து மீண்டும் நோயாளரைத் தொட்டுத் தூக்கினார்கள். அவர்களை நாம் வீரர் என்று போற்றுகிறோம். அது தகும். ஆனால் அவர்களில் எத்தனை பேரிடம், “நீர் எப்படி இருக்கிறீர்?” என்று ஒருவர் அருகில் இருந்து கேட்டிருப்பார்?

அந்தக் கேள்வியைக் கேட்க ஆட்கள் வேண்டும் என்பதை உணர்ந்தவர்களும் இங்கே இருந்தார்கள். அதே 1987ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தில் சாந்திகம் என்னும் உளவளத்துணை நிலையம் தொடங்கப்பட்டது. போருக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவே அது மக்களின் துயரைக் கேட்டது. கேட்கத் தெரிந்தவர்களையும் பயிற்றியது. நமது அமலமரித் தியாகிகள் சபையினர் ‘நான்’ என்னும் உளவியற் சஞ்சிகையை இங்கிருந்து வெளியிட்டனர். ஆகவே உளவளத்துணை என்பது நேற்று மேல்நாட்டிலிருந்து வந்திறங்கிய நாகரிகம் அல்ல. நமது கண்ணீரில் நனைந்து இந்த மண்ணிலே வேரூன்றிய பணி அது.

உளவளத்துணையாளர் என்ன செய்கிறார்? மந்திரம் ஓதுவதில்லை, எடுத்தவுடன் மாத்திரை கொடுப்பதுமில்லை. குறுக்கிடாமல் கேட்கிறார். கேட்டதை வெளியே சொல்லமாட்டார். நம் குழப்பத்தின் முடிச்சுகளை நாமே அவிழ்க்கத் துணை நிற்கிறார். மருந்து தேவை என்று கண்டால் வைத்தியரிடம் அனுப்புகிறார். பாவசங்கீர்த்தனம் இருக்க இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பாவசங்கீர்த்தனம் பாவத்துக்கு மன்னிப்பு அளிக்கும் அருட்சாதனம். ஆனால் களைப்பு பாவமல்ல, பயம் பாவமல்ல, நித்திரையின்மை பாவமல்ல. பாவமில்லாததைப் பாவமாக எண்ணி மனம் நொந்துகொண்டிருப்பவருக்கு வேறொரு செவியும் தேவை.

இன்னொன்றையும் மறவாதீர்கள். ஜெத்ரோ மோயீசனைத் தேற்றிவிட்டு, மீண்டும் போய்ச் சுமந்துகொள் என்று சொல்லவில்லை. சுமையையே பகிரச் சொன்னார். ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர், ஐம்பது பேருக்கு ஒருவர், பத்துப் பேருக்கு ஒருவர் என்று நம்பிக்கையானவர்களை நியமிக்கச் செய்தார். ஊழியரின் மனதை மட்டும் மருந்திட்டுக் கட்டிவிட்டு, அவரை நொறுக்கும் வேலைமுறையை அப்படியே விட்டுவைப்பது உளவளத்துணை ஆகாது. புண்ணின் மேல் பூச்சூடுவதாகும்.

இதையே உலக சுகாதார நிறுவனமும் இன்று சொல்கிறது. 2019இல் அது தன் நோய்ப் பட்டியலின் புதிய பதிப்பில், வேலைத்தலத்தில் தீராது நீடிக்கும் நெருக்கீட்டால் வரும் சோர்வை விளக்கியது. அதை ஒரு நோயாக அது வகுக்கவில்லை. வேலையோடு சேர்ந்து எழும் நிலை என்றே குறித்தது. சத்தெல்லாம் வற்றிப்போதல், வேலையில் வெறுப்பும் கசப்பும் தோன்றுதல், செய்வது எதுவும் சரிவரவில்லை என்ற உணர்வு ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். மனச்சோர்வாலும் பதகளிப்பாலும் உலகில் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலைநாட்கள் இழக்கப்படுவதாக அதே நிறுவனம் 2022இல் மதிப்பிட்டது. அந்த ஆண்டு அது வெளியிட்ட வழிகாட்டலில், ஊழியருக்குத் துணை கொடுப்பதோடு, வேலைமுறையைத் திருத்துவதும் மேலாளரைப் பயிற்றுவதும் வேண்டும் என்று கூறியது. பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இல் வெளியிட்ட திருமடலில், தொழிலாளியின் பலத்துக்கு மிஞ்சிய வேலையைச் சுமத்தக்கூடாது, வேலையின் கடுமைக்குத் தக்க ஓய்வு வேண்டும் என்று கற்பித்ததை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆகவே பிறரிடம் வேலை வாங்குகிறவர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. கடை, கந்தோர், பாடசாலை, வங்கி எதுவாயினும் சரி. நம் திருச்சபையின் நிறுவனங்களையும் சேர்த்தே சொல்கிறேன். கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்வோருக்கு நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. சட்டப் புத்தகத்தில் முடியும் வேலை, இரவுத் தொலைபேசியில் தொடரலாமா? ஒருவரை எல்லார் முன்னிலையிலும் ஏசி வாங்கும் இலாபம் ஆசீர்வதிக்கப்பட்டதா? உங்கள் ஊழியர் ஒருவர் உளவளத்துணைக்குப் போக இரண்டு மணித்தியால லீவு கேட்டால், காரணத்தைத் துருவாமல் கொடுங்கள்.

வீட்டிலிருப்பவர்களே, உழைத்துவிட்டு வருகிறவர் செருப்பைக் கழற்றுமுன்பே சீட்டுக்காசையும் சீதனக் கணக்கையும் எடுக்காதீர்கள். தேநீரைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் பக்கத்தில் இருங்கள்.

சுமக்கிறவர்களே, உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் பற்றி விசாரியுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உண்டு. தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை இரவிலும் அழைக்கலாம். உயிரை வெறுக்கும் எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் தாமதியாதீர்கள். போகும் வழியில் செபமாலையும் சொல்லுங்கள். ஒன்று மற்றதைத் தடுக்காது.

அந்த இளைஞரின் தொல்லைகள் யாவும் தீர்ந்துவிட்டன என்று நான் சொல்லமாட்டேன். அவர் இன்னும் அதே கம்பனியில்தான் இருக்கிறார். முற்றங்களில் குந்தியிருக்கும் வேலை தன்னால் இயலாது என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டு, சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லையென்று கந்தோர் வேலைக்கு மாறினார். நித்திரை மெல்ல மெல்லத் திரும்புகிறதாம். பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஞாயிறு பூசைக்கு வருகிறார்.

நானும் ஒன்று செய்திருக்கிறேன். பூசை முடிந்தபின் கோவில் விறாந்தையில் இரண்டு கதிரைகள் போடச் சொல்லியிருக்கிறேன். வருகிறவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. முதலில் அவர் பேசுவார். வருந்திச் சுமை சுமப்பவர்களைத் தம்மிடம் வரும்படி அழைத்த யேசு ஆண்டவர், அவர்களை நிற்கவைத்து ஐந்து நிமிடத்தில் அனுப்பியிருக்க மாட்டார் அல்லவா?