முடிவு முதலில் யாருக்கு?

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்டபோது, எண்ணூர் முகத்துவாரத்துக்கு வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து சேர்ந்தது. மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றில் அது படர்ந்தது. காட்டுக்குப்பம் முதலான மீனவ ஊர்களில் வலையும் படகும் கருத்துப்போயின. பொறுப்பானவர்கள் கருவியோடு வந்து சேருமுன் மீனவர்களே படகிலிருந்தபடி குவளையாலும் வாளியாலும் எண்ணெயை மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கெடுத்தது. நிவாரணமும் அறிவிக்கப்பட்டது.

இப்படிப்பட்ட ஊர்களுக்கு வெள்ளம் வடிந்ததும் ஆய்வாளர்களும் வருவார்கள். அடிபம்பிலும் ஆற்றிலும் பாட்டிலில் தண்ணீர் பிடிப்பார்கள், சேற்றை அள்ளுவார்கள், வீட்டுக்கு வீடு கேள்வி கேட்பார்கள், போய்விடுவார்கள். அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்பது ஆய்வேட்டுக்குத் தெரியும், அரசுக் கோப்புக்குத் தெரியும். இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் இறால் தடவுகிற பெண்ணுக்குத் தெரியாமலே போய்விடுவதுண்டு. இது அறமா? அறமில்லை. ஒரு நீரின் சோதனை முடிவை அறிவதில், அந்த நீரைக் குடிப்பவருக்கும் அதில் இறங்கிப் பிழைப்பவருக்கும்தான் முதல் உரிமை. மற்றவர்களெல்லாம் அதற்குப் பிறகே.

கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தவர் வள்ளுவர். அதிகார வரிசையிலேயே நீருக்கு இடம் எதுவென்று காட்டிவிட்டார். மருத்துவத்தின் நான்கு கூறுகளைச் சொல்லும்போதும் நோயாளியைத்தான் முதலில் நிறுத்துகிறார். மருத்துவருக்கே அடுத்த இடம். புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியனிடம், உணவென்பது நிலமும் நீரும் கூடியது, அவற்றைச் சேர்த்தவனே உயிரைப் படைத்தவன் என்று எடுத்துரைத்தார். நீர் உயிர் என்றால், நீரைப் பற்றிய சேதியும் உயிர் காக்கும் சேதியே. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாய்மூடி இருப்பவர், தாகத்தோடு வந்தவரிடம் கிணற்றை மறைத்தவராகிறார்.

உறுதியாகாத முடிவைச் சொன்னால் பீதி கிளம்பும், மீன் விலைபோகாது என்று மறுப்போர் உண்டு. அந்தக் கவலையில் ஓரளவு நியாயம் இருக்கிறது. பிறர்க்கு நன்மை தருமானால் பொய்யும் வாய்மையாகும் என்ற வள்ளுவர் கருத்தைக்கூட அவர்கள் துணைக்கு அழைக்கலாம். ஆனால் அந்த நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும் என்பதும் அவர் விதித்த நிபந்தனையே. கெட்ட நீரைக் குடிக்கிற குழந்தைக்கு அந்த மௌனத்தால் என்ன நன்மை?

அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகரம் இதற்குச் சாட்சி. 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க நகரின் குடிநீரை ஃபிளிண்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காததால் ஈயம் தண்ணீரில் கலந்தது. கறுப்பினத்தவரும் ஏழைகளும் மிகுந்த ஊர் அது. மக்கள் பழுப்பு நீரைப் பாட்டிலில் பிடித்துக் காட்டியும் அதிகாரிகள் அசையவில்லை. மோனா ஹன்னா அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர், பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை 2015 செப்டம்பரில் செய்தியாளர்களைக் கூட்டி அறிவித்தார். ஆய்விதழில் வெளிவரும்வரை அவர் காத்திருக்கவில்லை. வீண் பீதி கிளப்புகிறார் என்று பழித்தார்கள். அக்டோபரிலேயே நகரம் பழைய நீருக்குத் திரும்பியது. ஆய்விதழின் ஒப்புதலை எதிர்பார்த்து அவர் உட்கார்ந்திருந்தால், அத்தனை நாளும் அந்தப் பிள்ளைகள் ஈயத்தைக் குடித்திருப்பார்கள்.

வங்கதேசத்தில் இன்னும் எளிய வழியைக் கண்டார்கள். குளத்து நீரின் நோய்களுக்கு அஞ்சி 1970களிலிருந்து போடப்பட்ட லட்சக்கணக்கான குழாய்க்கிணறுகளில் ஆர்செனிக் இருப்பது பின்னால்தான் தெரிந்தது. சோதித்த கிணறுகளில் ஆபத்தானதன் வாயில் சிவப்பும் நல்லதன் வாயில் பச்சையும் பூசினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிந்தது. பலர் பக்கத்துப் பச்சைக் கிணற்றுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உண்மையைச் சொன்னால் ஏழைகள் கலவரப்படுவார்கள் என்பது, அவர்களை அறியாதவர்கள் கட்டிய கதை.

வெள்ளத்துக்குப் பின் குடிநீரில் ஈ.கோலை கிருமி உண்டா என்று அறிய ஓரிரு நாள் போதும். 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது இந்தியக் குடிநீர்த் தரவிதி. இரண்டு நாளில் தெரிந்ததை இரண்டு வருடம் கழித்துக் கட்டுரையாக அச்சிடுவது அறிவுத் தொண்டு என்று பெயர் பெறலாம், அறம் என்று பெயர் பெறாது. மனிதரிடம் ஊசி குத்தி ரத்தம் எடுத்து ஆய்வு செய்ய நெறிக்குழுவின் ஒப்புதல் வேண்டும். அதே மனிதர் குடிக்கும் தண்ணீரை எடுத்துப்போக யாரையும் கேட்க வேண்டியதில்லை என்ற வழக்கம் மாற வேண்டும்.

பல்கலைக்கழகங்களும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியங்களும் ஆய்வுக்குப் பணம் தரும் அமைப்புகளும் இதைக் கட்டாயமாக்கட்டும். மாதிரி எடுக்கும் அன்றே முடிவு சொல்லும் நாளையும் ஊராரிடம் சொல்லுங்கள். அந்த நாளில் ரேஷன் கடைச் சுவரில், குடிக்கலாமா, காய்ச்சிக் குடிக்கலாமா, தொடவே கூடாதா என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். முடிவு உறுதியாகவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். இதற்கு மனமில்லாதவர்கள் அந்த ஊரில் தண்ணீர் பிடிக்க வர வேண்டாம்.