விடையே சாட்சி

போட்ட கணக்கு சரியா என்று அறிய, ஆசிரியரின் சிவப்பு மைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 95ஐ 7ஆல் வகுத்தால் ஈவு 13, மீதி 4. ஈவை 7ஆல் பெருக்கி மீதியைக் கூட்டுங்கள். 95 திரும்ப வந்துவிடும். 91 பகா எண் போலத் தோன்றும். 7ஐயும் 13ஐயும் பெருக்கிப் பார்த்தால் அதன் காரணிகள் வெளிப்பட்டுவிடும். ஓர் எண்ணின் மூன்று மடங்குடன் 5ஐக் கூட்டினால் 20 என்ற சமன்பாட்டுக்கு விடை 5. அதையே மீண்டும் பொருத்துங்கள்: 15உம் 5உம் சேர்ந்து 20.

தன் விடையைத் தானே சோதிக்கும் பழக்கமே கணிதம் தரும் பெரிய கல்வி. மாணவர்களே, விடைக்குக் கீழே கோடு போடும் முன் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்!