பகிர்ந்த விடைக்குப் பொறுப்பாளர் யார்? – பொது அறிவு வினாக்கள் குறித்து ஓர் அறவியல் நோக்கு

தமிழில் 'கேள்' என்னும் வினையடி இரு பொருள் தருவது. பிறர் கூறுவதைச் செவிமடுத்தல் ஒன்று. அறியாததை வினாவுதல் மற்றொன்று. திருக்குறளின் 42ஆம் அதிகாரமாகிய 'கேள்வி' முன்னைய பொருளையே கொண்டது. கற்றோர்பாற் சென்று அவர்தம் சொல்லைச் செவியால் உண்டு பெறும் அறிவே வள்ளுவர் கருதிய கேள்வியாகும். இன்று அச்சொல்லைக் கேட்டதும் நமக்கு வினாக்குறிதான் நினைவுக்கு வருகிறது. சொல்லின் பொருள் காலந்தோறும் நகர்வது இயல்பே. ஆயினும், வினாவுதலும் செவிமடுத்தலும் ஒரே செயலின் இரு பாதிகள் என முன்னோர் கொண்டிருந்த உணர்வு நம்மிடம் எஞ்சியுள்ளதா என்பது ஆராயத்தக்கது. இவ்வையம் எனக்கு எழுந்தது நூல் எதனையும் படித்தபோது அன்று. நண்பர் குழுவொன்றில் நானே பகிர்ந்த ஒரு சிறு வினாவினால்.

கல்முனைக் கரையோரத்தில், மருதமுனை தொடக்கம் சாய்ந்தமருது வரை, பட்டம் பெற்று நியமனத்துக்குக் காத்திருக்கும் இளைஞர் இல்லாத தெரு அரிது. அரச சேவைக்கான போட்டிப் பரீட்சைகள் பலவற்றில் பொது அறிவும் நுண்ணறிவும் வினாத்தாள்களாக அமைவதால், இவர்களிடையே வட்ஸ்அப் குழுக்கள் பல தோன்றியுள்ளன. இஷாத் தொழுகை முடிந்த பின்னர் ஒருவர் பத்து வினாக்களை இடுவார். மற்றவர் விடை எழுதுவர். கட்டாரிலும் துபாயிலும் வேலை முடித்து அறைக்குத் திரும்பிய நண்பரும் அவ்வேளையில் வந்து சேர்வர். இறுதியில் வினாவை இட்டவர் சரியான விடைகளை வெளியிடுவார். சிரிப்பும் சீண்டலும் தொடரும். இதனை வீண்பொழுது எனத் தள்ளிவிடுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. கடல் கடந்து பிரிந்திருக்கும் நண்பர் கூடுவதற்கு இதைவிடத் தீங்கற்ற திண்ணை எது?

அத்தகைய குழுவொன்றில் ஒருநாள், "ஈழத்தின் முதற் தமிழ் நாவல் எது?" என்ற வினாவை இட்டேன். "அசன்பேயுடைய சரித்திரம், 1885" என்பது நான் பின்னர் வெளியிட்ட விடை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் குழுவில் இருந்தார். அவர் மறுத்துரைக்கவில்லை, "அப்படி யார் சொன்னது?" என்று மட்டும் எழுதினார். எனக்கு விடை தெரிந்திருந்தது. விடைக்கு வந்த வழி தெரியவில்லை. வேறொரு குழுவில் வந்த வினாத்தொகுதியிலிருந்து அதனை எடுத்திருந்தேன். அதை எடுத்தவரும் இன்னோரிடத்திலிருந்து எடுத்திருப்பார்.

பின்னர் தேடிப் படித்தபோது தெளிந்தவை வருமாறு. கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணியும் 'முஸ்லிம் நேசன்' இதழின் ஆசிரியருமான சித்தி லெவ்வை 1885இல் அசன்பேயுடைய சரித்திரத்தை வெளியிட்டார். எனினும் அதன் கதைக்களம் இலங்கையன்று; எகிப்து, இந்தியா என விரிவது. 1891இல் வந்த இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை'யை முதன்மைப்படுத்துவோரும் உளர். அதுவோ ஐரோப்பிய வீரக்கதையொன்றின் தழுவல். 1856இன் 'காவலப்பன் கதை'யை முன்வைப்போரும் உளர், அது மொழிபெயர்ப்பு. ஆக, முதல் எது என்று கூறுமுன், நாவல் என்பது யாது, ஈழத்து நாவல் என்பது எழுதியவனின் ஊரால் அமைவதா களத்தால் அமைவதா, தழுவலைக் கணக்கிற் கொள்வதா என்பவற்றுக்கு விடை கூறவேண்டும். என் தீர்ப்பு இன்றும் சித்தி லெவ்வைக்கே சார்பானது. ஆனால் அது தீர்ப்பு, தகவலன்று. நான் அதனைத் தகவலாகப் பகிர்ந்துவிட்டேன்.

இதில் நான் செய்த பிழை யாது? கூறியது பொய்யன்று. இருந்தும் ஏதோ ஒரு கடன் தவறியது என்ற உணர்வு நீங்கவில்லை. அக்கடனின் இயல்பை அறிய, நம்மிடையே வழங்கிவரும் மற்றொரு வினா வகையை இதனோடு ஒப்புநோக்குதல் பயன்தரும்.

என் மூத்தம்மா இரவில் நொடி போடுவார். விடுகதையை எமது பகுதியில் நொடி என்பர். தொல்காப்பியர் செய்யுளியலில் இதனைப் 'பிசி' எனப் பெயரிட்டு, ஒப்புமையால் அமைவதும் குறிப்பினால் துணியப்படுவதும் என இரு வகைப்படுத்துகிறார். இவ்விரண்டிலும் பொதுவான பண்பொன்று உண்டு. விடை வினாவுக்குள்ளேயே மறைந்துகிடக்கிறது. தேங்காயும் நண்டும் வலையும் பாயும் எமக்கு முன்னரே தெரிந்த பொருள்கள். அவற்றை உருமாற்றிக் காட்டும் சொற்களை அவிழ்த்தால் விடை தானே வெளிப்படும். தோற்றவனும் விடையைக் கேட்ட கணத்தில், அது சரிதான் எனத் தானே சரிபார்த்துக்கொள்வான். மூத்தம்மா கூறியதனால் அவன் அதனை ஏற்பதில்லை.

பொது அறிவு வினாவோ அத்தகையதன்று. நைல் நதியின் நீளத்தை எத்துணை நேரம் சிந்தித்தாலும் சிந்தனையால் எட்டமுடியாது. முன்னரே கேள்விப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் இப்போது கேட்டு நம்பவேண்டும். ஆகவே இங்கு விடை பெறுவோன் முற்றிலும் விடை தருவோனைச் சார்ந்து நிற்கிறான். இச்சார்பே விளையாட்டுக்குள் ஓர் அறக்கடனைக் கொண்டுவந்து வைக்கிறது. தெரியாதவனின் கையைப் பிடித்து இருளிற் கூட்டிச் செல்பவன் தான் வழியறிந்தவனா எனத் தன்னையே வினவிக்கொள்ளக் கடமைப்பட்டவன் அல்லவா?

இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் வினாவிடையை ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்த்தது என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியதாகிய 'ஆயிர மசலா', 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றியது. யூத அறிஞர் அப்துல்லா இப்னு சலாம் நபிகளாரிடம் வினவ, அவர் விடையளிப்பதாக அமைந்தது. கேட்டவர் விடைகளால் மாறிவிடுகிறார். புள்ளி பெறுவதற்காக அவர் கேட்கவில்லை. 'வெள்ளாட்டி மசலா'வில் ஓர் அடிமைப் பெண் அரசவை அறிஞரின் வினாக்களுக்கெல்லாம் விடை கூறுகிறாள். அவள் விடைகளில் அவளது வாழ்வே பணயமாக இருந்தது. இவற்றின் கதைப்போக்கை வரலாறாகக் கொள்ளவேண்டுவதில்லை. வினாவோ விடையோ எவரேனும் ஒருவருடைய பொறுப்பில் நிற்கிறது என்னும் உணர்வு அவற்றில் உண்டு. அதுவே நான் சுட்ட விரும்புவது.

பிறர் சொல்லை நம்பி அறிதல் அறிவாகுமா என்ற வினா நமது தத்துவ மரபில் நெடுங்காலம் வாதிக்கப்பட்டது. மணிமேகலையில் அளவைவாதி பத்து அளவைகளை எடுத்துரைக்க, பௌத்தமோ காட்சி, கருத்து என்னும் இரண்டே போதும் என்கிறது. சைவ சித்தாந்திகளும் நையாயிகரும் உரையைத் தனி அளவையாக ஏற்பர். ஆயினும் நையாயிகர் ஒரு நிபந்தனை விதித்தனர். பொருளைத் தான் உள்ளவாறு அறிந்து, அறிந்தவாறே கூற விழையும் 'ஆப்தன்' எனப்படும் நம்பத்தக்கோனின் சொல்லே அளவையாகும். பௌத்தர் கருத்தும் இதற்கு வெகுதொலைவிலில்லை. சொல்வோன் நம்பத்தக்கவன் என்பதை அனுமானித்த பின்னரே அவன் சொல் பயன்படும் என்பர். ஹதீஸ் கலை அறிஞர்கள் இந்நிபந்தனையை நடைமுறையாக்கிக் காட்டினர். 870இல் மறைந்த இமாம் புகாரி போன்றோர், ஒரு செய்தியை ஏற்குமுன் அதனை யார் யாரிடமிருந்து கேட்டார் என்ற தொடரை ஆராய்ந்தனர். இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்து சந்தித்தனரா, அறிவிப்பாளரின் நினைவாற்றல் எத்தகையது, அவர் வாய்மை எத்தகையது என்றெல்லாம் வினவினர். செய்தி எத்துணை அழகியதாயினும், கண்ணியொன்று அறுந்திருந்தால் அது பலவீனமானதே. இம்மரபைப் போற்றும் சமூகத்தினராகிய நாமே, கண்ணி எதுவுமற்ற செய்திகளை இரவுதோறும் கைமாற்றுகிறோம் என்பது வியப்புக்குரியது.

கண்ணியற்ற விடை எவ்வாறு பயணம் செய்யும் என்பதற்குப் புகழ்பெற்ற வழக்கொன்று சான்றாகும். 1979இல் கனடாவின் மொன்றியல் நகரில் இரு பத்திரிகையாளர் 'ட்ரிவியல் பர்சூட்' என்னும் பொது அறிவு விளையாட்டை உருவாக்கினர். அது உலகெங்கும் பரவிய பின்னர், 1984இல் பிரெட் வேர்த் என்ற அமெரிக்கர் 30 கோடி டொலர் நட்டஈடு கோரி வழக்குத் தொடுத்தார். தாம் தொகுத்த பொது அறிவுக் களஞ்சியத்திலிருந்து வினாக்கள் எடுக்கப்பட்டன என்பது அவர் முறைப்பாடு. சான்று விசித்திரமானது. கொலம்போ என்னும் தொலைக்காட்சித் துப்பறிவாளரின் முதற்பெயர் 'பிலிப்' என, களவைக் கண்டுபிடிக்கும் பொறியாக அவர் தம் நூலில் வேண்டுமென்றே ஒரு பொய்யைப் புகுத்தியிருந்தார். (பெயர் நமது தலைநகரை நினைவூட்டினும் தொடர்பேதுமில்லை.) அப்பொய் விளையாட்டின் அட்டையிலும் சரியான விடையாக அச்சாகியிருந்தது. அவரது நூலைப் பயன்படுத்தியதை விளையாட்டை உருவாக்கியோர் மறுக்கவில்லை. தகவல்கள் எவருக்கும் தனியுடைமை ஆகா என்ற அடிப்படையில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 1987இல் மேன்முறையீட்டிலும் அதுவே முடிவாயிற்று.

தீர்ப்பு சட்டப்படி சரியென்றே கருதுகிறேன். ஆனால் இதில் மூன்றாவது தரப்பினர் ஒருவர் உளர். எத்தனையோ வீடுகளில், தம் விடை 'பிழை' என்று கேட்டுத் தலைகுனிந்த விளையாட்டாளர்! அவர்களுக்குப் பொறுப்பாளர் யார்? பொய்யைப் புகுத்தியவரா, ஆராயாது எடுத்தவரா? களவைப் பிடிக்க வைத்த பொறியென்றாலும், நூலை நம்பி வாங்கியவரும் அதே பொறியில் விழுந்தாரே என்ற காரணத்தால் வேர்த் மீதும் எனக்குக் குறையுண்டு.

இது விளையாட்டுத்தானே, இத்துணைக் கடுமை வேண்டுமா என நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். அவர் வாதத்தில் நியாயமுண்டு. ஒவ்வொரு வினாவுக்கும் ஆதாரம் தேடத் தொடங்கினால் நண்பர் கூடுவது நின்றுபோகும். சில பிழைகளால் எவருக்கும் தீங்கில்லை. சீனப் பெருஞ்சுவர் விண்வெளியிலிருந்து வெறுங்கண்ணுக்குத் தெரியும் என்ற விடை, 2003இல் விண்வெளி சென்று திரும்பிய யாங் லிவெய் தமக்கு அது தெரியவில்லை என்று கூறிய பின்னரும், உயிரோடு உலவுகிறது. சில விடைகள் பிறக்கும்போது மெய்யாயிருந்து பின் மூப்படைந்தவை. 2006க்கு முன் கோள்கள் ஒன்பது. 1984இல் கிளிநொச்சி மாவட்டமாகும் வரை இலங்கையின் மாவட்டங்கள் 24. நமது அம்பாறை மாவட்டமே 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. பழைய வினாத்தொகுதியைப் பகிர்பவர் குற்றவாளியல்லர். ஆண்டைக் குறிப்பிட்டிருந்தால் நன்று, அவ்வளவே.

ஆனால் பகிர்தல் ஒரு பழக்கம். பழக்கத்துக்கு, இது விளையாட்டு, இது வினை என்ற வேறுபாடு தெரியாது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில், உணவிற் கண்ட கட்டியொன்று மலட்டுத்தன்மையை உண்டாக்கும் மாத்திரை என்று கூறப்பட்டது. அங்கிருந்தவரிடம் சிங்களத்தில் வினா எழுப்பப்பட்டது. வினாவைச் சரிவர விளங்காத அவர் அச்சத்தில் கூறிய சொற்கள் ஒப்புதல் வாக்குமூலமாகக் கொள்ளப்பட்டு, காணொளியாகக் கைத்தொலைபேசிகளிற் பரவின. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாவுக்கட்டியே என அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிக்கையிட்டார். மார்ச் மாதத் தொடக்கத்தில் திகனையில் வன்செயல் வெடித்தபோது அரசாங்கம் சமூக ஊடகங்களையே சில நாட்கள் முடக்கவேண்டியதாயிற்று. ஒரு வினா, ஒரு விடை, வழியற்ற பகிர்வு என அமைப்பு ஒன்றே. அக்காணொளியைப் பகிர்ந்தோரிற் பலர் தாம் பொய் கூறுவதாக எண்ணியிருக்கமாட்டார்கள்; வந்ததை அனுப்பினோம் என்றே எண்ணியிருப்பர். அன்று நம்மவர் அஞ்சிக் கதவடைத்தனர். ஆயினும் வேறு நாட்களில் வேறு மக்களைப் பற்றி வந்த செய்திகளை நாமும் ஆராயாது அனுப்பியிருக்கிறோம் என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வந்ததை அனுப்பினேன் என்ற விடையே என் மனத்தை உறுத்துவது. குழாய் தான் கடத்தும் நீருக்குப் பொறுப்பன்று. மனிதன் ஒன்றை நண்பனிடம் கூறும்போது தன் பெயரையும் அதனோடு சேர்த்தே கொடுக்கிறான். நண்பன் நம்புவது செய்தியை விட அப்பெயரையே. எனவே பகிர்பவன் சாட்சியாகிறான். சாட்சி எல்லாவற்றையும் நேரிற் கண்டிருக்க வேண்டுவதில்லை. எதனைக் கண்டான், எதனைக் கேட்டான், எதனை ஊகித்தான் என்பதைப் பிரித்துக் கூறினாற் போதுமானது. "இன்ன நூலிற் படித்தேன்", "இதில் கருத்து வேறுபாடுண்டு", "எங்கோ கேட்ட நினைவு" ஆகிய சிறு சொற்றொடர்கள் விளையாட்டைக் கெடுப்பதில்லை. "தெரியாது" என்று எழுதுவதற்குத்தான் நம் குழுக்களில் வெட்கம் மிகுதி. பல்கலைக்கழகத்திலும் நிலைமை வேறன்று. விரிவுரை மண்டபத்தில் அச்சொல்லைக் கேட்ட நாட்களை விரல்விட்டு எண்ணலாம்.

ஆசிரியரின் வினாவுக்குப் பின்னர் நான் குழுவில் மூன்று நூல்களின் பெயரையும் ஆண்டையும் எழுதி, முன்னைய விடை என் கருத்தே என்று திருத்தினேன். அடுத்த மாதம் ஆசிரியர் சேவைப் போட்டிப் பரீட்சைக்குத் தோற்றவிருந்த உறவுக்காரத் தங்கையொருத்தி என் முதல் விடையை ஏற்கனவே குறிப்பேட்டில் எழுதி மனனமிட்டிருந்தாள். திருத்தத்தைக் கண்டு தொலைபேசியில் அழைத்தாள்.

"அப்ப பேப்பர்ல நான் என்னத்த எழுதுற, காக்கா? நாலு விடைல ஒன்றுக்குத்தானே கோடு போட ஏலும்."

1885ஐ எழுது என்றேன். அவ்வாறு கூறியது சரிதானா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. வினாத்தாள் ஆக்குவோர் 'முதல்' என்னும் சொல்லைச் சற்று அரிதாகப் பயன்படுத்தினால், அவளைப் போன்றோருக்குப் பேருதவியாக இருக்கும்.