நாள் கணக்கு

கல்யாணமாகி ஆறு மாசம் ஆனால் போதும், 'என்ன, விசேஷம் உண்டா?' என்று ஆரம்பித்துவிடுவார்கள். கேள்வி பெரும்பாலும் பெண்ணுக்குத்தான்.

1924-ல் ஒகினோ என்ற ஜப்பானிய டாக்டர் ஒரு கணக்குச் சொன்னார். கருமுட்டை வெளிவருவது அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு. அதாவது, 28 நாளுக்கு ஒருமுறை விலக்காகிறவருக்கு 14-ம் நாள் வாக்கில். 35 நாள் என்றால் 21-ம் நாள் வாக்கில். முட்டையின் ஆயுள் ஒரு நாள். விந்தணு ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஆக, மாசத்துக்கு ஆறே நாள்தான் வாய்ப்பு.

தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு சிக்கல். காலண்டரில் வட்டம் போட்டும் நாள் தள்ளிப்போகவில்லையென்றால், யார் மேலோ தப்பு என்று தோன்றிவிடுகிறது. பழி வழக்கம்போல மனைவிக்கு.

நிஜம் வேறு. ஆரோக்கியமான இளம் தம்பதிக்கே, ஒரு மாசத்தில் கரு தங்கும் வாய்ப்பு ஏறக்குறைய நாலில் ஒன்றுதான். மற்ற மாசங்களில் யாரும் எந்தக் குற்றமும் செய்துவிடவில்லை. கணக்கு நாளைச் சொல்லும், குற்றவாளியைச் சொல்லாது.

ஒரு வருஷம் பாருங்கள். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாசம். பிறகு டாக்டரிடம் போங்கள், ரெண்டு பேருமாக. குறை ஆணிடமும் இருக்கலாம். அதுவரை விசேஷம் விசாரிக்கிறவர்கள், ப்ளீஸ், வெயிலைப் பற்றிப் பேசலாமே!