இரசிகன் பட்ட கடன்

கடல் கடந்து வாழப் போனவன் தன்னோடு என்னென்ன கொண்டு சென்றான் என்று கணக்கெடுக்கப் புகுந்தால், மொழி, வழிபாடு, உணவு ஆகிய மூன்றையும் தயக்கமின்றி எழுதுவோம். நான்காவதாக ஒன்றை எழுதச் சற்றே கூச்சப்படுவோம். அதுதான் திரைப்படம். ஆயினும், அந்தமானில் பொங்கல் விழாவிலோ திருமணப் பந்தலிலோ மூத்தவர் நால்வர் நாற்காலிகளை அருகருகே இழுத்துப் போட்டு அமர்ந்துவிட்டால், பேச்சு எங்கே தொடங்கினாலும் பழைய படங்களில் வந்து நிற்பதை நாம் காண்கிறோம். எந்த நடிகர் உயர்ந்தவர், எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது, எந்தக் காட்சியில் கண்ணீர் வந்தது என்று அப்பேச்சு இலை எடுத்த பின்னும் நீளும்.

‘இது வீண்பேச்சு’ என்போர் நம்முள் உண்டு. உழைத்துப் பிழைக்க வந்த இடத்தில், நம்மை இன்னார் என்றே அறியாத ஒரு நடிகருக்காக நண்பனோடு முகம் சுளித்துக்கொள்வது அறிவுடைமையாகுமா என்று அவர்கள் கேட்கின்றனர். கேள்வியில் நியாயம் உண்டு. எளிதில் தள்ளிவிட இயலாது. நம்மை அறியாத ஒருவரை வாழ்நாள் முழுதும் நேசிப்பது அன்பா, மயக்கமா? அன்பே எனில், அதற்குரிய கடமை யாது?

இதனை ஆராய நம் தீவுகளே இரண்டு சான்றுகளைத் தருகின்றன. அந்தமான் என்னும் பெயரைத் தலைப்பிலே தாங்கி வந்த தமிழ்ப் படங்கள் அவை. முதலாவது, 1952இல் வெளிவந்த ‘அந்தமான் கைதி’. கு. சா. கிருஷ்ணமூர்த்தியின் நாடகம் திரைக்கு வந்தபோது அதில் எம்.ஜி.ஆர். நடித்தார். இரண்டாவது, 1978இல் வெளிவந்த ‘அந்தமான் காதலி’. முக்தா சீனிவாசன் இயக்கிய அப்படத்தில் சிவாஜி கணேசனும் சுஜாதாவும் நடித்தனர்; இத்தீவுகளுக்கே வந்து படம் பிடித்தனர். ஒன்றில் கைதி, மற்றொன்றில் காதலி. ஒன்றில் மக்கள் திலகம், மற்றொன்றில் நடிகர் திலகம். தமிழ் இரசிகர் உலகம் இரண்டு அணியாக நின்ற காலத்தில், அந்தமானுக்கு இரு அணியிலும் பங்கு கிடைத்தது. நம் மூத்தோர் வழக்காடுவதற்கு வேறு என்ன வேண்டும்?

இரசிகன் மீது சாற்றப்படும் முதற்குற்றம், அவன் நிழலை நேசிக்கிறான் என்பது. ஏழைக்கு இரங்கியது பாத்திரம். அந்த இரக்கத்தை எழுதியவர் ஒருவர். ஊதியம் பெற்று நடித்தவர் மற்றொருவர். இவன் வணங்குவதோ நடித்தவரை. இது பிழையன்றோ என்பர். ஆனால் எண்ணிப் பாருங்கள். அரிச்சந்திரன் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டபோது, அவனை யாரும் நேரில் கண்டதில்லை. கேட்ட குழந்தையின் உள்ளத்தில் உண்மை பேச வேண்டும் என்னும் எண்ணம் எழுந்தது பொய்யாகிவிடுமா? நிழலில் தோன்றிய நற்பண்பைக் கண்டு நெகிழ்ந்தவன், நிழலைக் கண்டு நெகிழவில்லை. பண்பைக் கண்டே நெகிழ்ந்தான். குற்றம் அங்கில்லை.

குற்றம் அதற்குப் பிறகு தொடங்குகிறது. கொட்டகையில் நெகிழ்ந்ததோடு தன் கடமை முடிந்தது என்று இரசிகன் கருதும்போதுதான் அன்பு மயக்கமாகிறது. எம்.ஜி.ஆர். ஏற்ற பாத்திரங்கள் பெரும்பாலும் மதுவையும் புகையையும் தொடாதவை. அவர் பெயரைத் தன் பிள்ளைக்கு வைத்துவிட்டு, மாதச் சம்பளத்தைச் சாராயக் கடையில் இறக்கி வைப்பவன் எதை நேசித்தான்? திரையில் தாயின் துயரங்கண்டு விம்மியவன், ஊரில் தனித்திருக்கும் தன் தாய்க்குப் பணம் அனுப்ப மறந்தால், அந்தக் கண்ணீரின் பொருள் என்ன? நடிகர் நம்மை அறியாதது பெரிதன்று. அவர் காட்டிய பண்பு நம் வீட்டை அறிந்ததா என்பதே கேள்வி.

இரண்டாவது குற்றம் கட்சி கட்டுதல். ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்த வேண்டும் என்பது இரசிகர்களிடையே எழுதாச் சட்டம்போல் இருந்து வந்தது. 1954ஆம் ஆண்டை மட்டும் நினைவிற் கொண்டால் இச்சட்டம் எத்துணை வலுவற்றது என்பது விளங்கும். இருவரும் சேர்ந்து நடித்த ஒரே படமாகிய ‘கூண்டுக்கிளி’ வெளிவந்தது அவ்வாண்டில்தான். அதே ஆண்டில் ‘மலைக்கள்ள’னில் எம்.ஜி.ஆருக்கும் ‘தூக்குத் தூக்கி’யில் சிவாஜிக்கும் குரல் கொடுத்தவர் டி. எம். சௌந்தரராஜன். அதன்பின் பல ஆண்டுகள் அவர் இருவருக்கும் பாடினார். இரு அணியினரும் தத்தம் தலைவரின் பாடல் என்று மார்தட்டிக்கொண்ட பாடல்களுள் எத்தனையோ ஒரே தொண்டையிலிருந்து பிறந்தவை! எதிரி என்று கருதியவனின் மகிழ்ச்சியும் நம் மகிழ்ச்சியும் ஒரே ஊற்றிலிருந்து வந்தன என்று அறிந்த பின், வெறுப்புக்கு அங்கே என்ன வேலை? ஒருவரை மிகுதியாக விரும்புவது இயல்பு. அதற்காக மற்றவரின் தகுதியை மறுப்பது நன்றி மறத்தலாகும்.

மூன்றாவது குற்றம், பழையன எல்லாம் பொன் என்று புகழ்தல். இதனை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பழைய படங்களில் படித்த பெண்ணின் செருக்கை ஆண்மகன் அடக்குவதாகக் காட்டிய காட்சிகள் உண்டு. மனைவியைக் கணவன் அறைந்தபோது கைதட்டிய கொட்டகைகளும் உண்டு. அப்படங்களைப் பேத்தியோடு அமர்ந்து பார்க்கும்போது, ‘இது தவறு தாத்தா’ என்று அவள் சொன்னால், ‘ஆம் அம்மா, தவறுதான்’ என்று ஒப்புவதால் நம் அபிமான நடிகரின் பெருமை குறைந்துவிடாது. குறையைக் காண மறுப்பது முகத்துதி. கண்டும் நிறைக்காக நேசிப்பதே அன்பு.

நம் தீவைப் பற்றிய மட்டிலும் இந்த நேர்மை வேண்டும். இங்கே தண்டனைக் குடியேற்றம் தொடங்கியது 1858இல். செல்லுலார் சிறை கட்டி முடிந்தது 1906இல். ‘அந்தமான் கைதி’ வெளிவந்தபோது அத்தண்டனைக் குடியேற்றம் முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும், தாய்நிலத்தார் மனத்தில் அந்தமான் என்றால் நெடுங்காலம் சிறையே நின்றது. பின்னர் உல்லாசத் தீவாயிற்று. இவ்விரண்டுக்கும் இடையே வாழ்ந்தவர்கள் யார்? துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், சாலை போட்டவர்கள், காட்டில் மரம் வெட்டியவர்கள், சிறுகடை வைத்தவர்கள். 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி, கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்தவர்கள். 2011ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பில் இத்தீவுகளில் நூற்றுக்குப் பதினைவர் தமிழைத் தாய்மொழியாகக் கூறினர். அவர்கள் கைதியும் அல்லர், காதலியும் அல்லர். ஆதலால் எந்தத் தலைப்பிலும் இடம் பெறவில்லை. கதைக்கு வேண்டியதைப் படம் எடுத்துக்கொண்டது. அதைக் குறை கூறுவதில் பயனில்லை. எஞ்சியதைச் சொல்ல வேண்டியவர் யார் என்பதே நம் கேள்வி.

இப்போது மூத்தோர் பேச்சுக்கு மீண்டும் செவி கொடுப்போம். படத்தின் பெயரைச் சொன்ன மறுகணம் அவர்கள் வேறொன்றையும் சொல்வர். ‘அப்பா கப்பலேறுவதற்கு முந்தின வாரம் பார்த்த படம் அது’ என்பார் ஒருவர். ‘டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து என்னை மேலே உட்கார வைத்தார் மாமா’ என்பார் மற்றொருவர். ‘தங்கை பிறந்த வருஷம்’ என்று ஓர் அம்மையார் எடுத்துக் கொடுப்பார். கூர்ந்து கேட்டால், பேச்சின் பொருள் நடிகர் அல்லர் என்பது புலனாகும். படம் ஓர் ஆணி. அதில் மாட்டப்பட்டிருப்பவை நம் வீட்டாரின் வாழ்க்கை. நாட்குறிப்பு எழுதும் வழக்கமில்லாத உழைப்பாளி மக்கள், தம் வாழ்வின் ஆண்டுகளைப் படங்களின் பெயரால் எண்ணி வைத்தனர்.

இங்கேதான் இரசிகனின் கடன் தெளிவாகிறது. 1987இல் எம்.ஜி.ஆரும், 2001இல் சிவாஜியும், 2013இல் சௌந்தரராஜனும் மறைந்தனர். அவர்களை நினைவுகூர நூல்கள் உண்டு, பாடல்கள் உண்டு, படச்சுருள் உண்டு. நாம் ஒருநாள் பேசாதிருந்தால் அவர்கள் புகழுக்கு இழப்பில்லை. ஆனால் சேற்று வழியில் நம்மைத் தோளில் சுமந்து கொட்டகைக்கு அழைத்துச் சென்றவருக்கு என்ன உண்டு? தன் ஒருவேளைக் கூலியை நுழைவுச் சீட்டுக்காகக் கொடுத்தவரின் பெயர் எந்த ஏட்டில் உண்டு? போர்ட் பிளேர் என்று நாம் அழைத்துப் பழகிய நகரமே 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. ஊரின் பெயரே மாறுமெனில், ஏழையின் பெயர் நிலைப்பது எங்கே? அவரை அறிந்தவர் நாவில் மட்டுமே. நடிகரின் பெயரை நூறு முறை சொல்லி, அவரைக் காட்டியவரின் பெயரை ஒருமுறையும் சொல்லாத நாவு, பெற்ற கடனை மறந்த நாவாகும்.

இன்னொரு கடனும் உண்டு. அது இளையோருக்குப் பட்டது. இத்தீவுகளில் பல இனத்தாரும் கலந்து பேசும் பொதுமொழி இந்தி. நம் பேரப்பிள்ளைகள் தெருவிலும் பள்ளியிலும் அதையே பேசி வளர்கின்றனர். அவர்களுள் ஒருவன் பேச்சின் நடுவே வந்து, ‘அது யார் தாத்தா?’ என்று கேட்கும்போது, ‘இதுகூடத் தெரியாதா!’ என்று நாம் நகைத்துவிடுகிறோம். அந்த நகைப்பு ஒரு கதவைச் சாத்துகிறது. தமிழரின் நெஞ்சில் வீற்றிருந்த எம்.ஜி.ஆர். 1917இல் கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில் மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். தமிழ்ப் பாட்டுக்கே இலக்கணமாக விளங்கிய சௌந்தரராஜன், மதுரையில் சௌராட்டிர மொழி பேசும் குடும்பத்தில் பிறந்தவர். பிறந்த இடத்தாலும் வீட்டு மொழியாலும் யாருக்கும் தமிழ் மூடப்படவில்லை என்பதற்கு இவர்களைவிடச் சான்று வேண்டுமா? இந்தி பேசி வளரும் நம் பேரனுக்கு மட்டும் அது ஏன் மூடப்பட வேண்டும்? அவன் கேட்ட கேள்வியே திறந்த கதவு.

ஆகவே, பழைய படங்களைப் பேசுவது வீண் என்று கூறோம், தாராளமாகப் பேசுவோம். யார் சிறந்தவர் என்று வழக்கும் ஆடுவோம். ஆனால் மற்றவரின் நடிகரிலும் ஒரு சிறப்பையேனும் ஒப்புக்கொண்டு எழுவோம். படத்தின் கதையைச் சொல்லும்போது, அதை யாரோடு பார்த்தோம், அவர் என்ன தொழில் செய்தார், எந்த ஆண்டு இத்தீவுக்கு வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். அருகில் ஒரு பிள்ளை நின்றால் அதற்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவோம். நடிகருக்கு நாம் பட்டது கைதட்டல். அதை என்றோ கொடுத்துவிட்டோம். நம்மை அழைத்துச் சென்றவருக்கும் நமக்குப் பின் வருவோருக்கும் பட்ட கடன் இன்னும் நிற்கிறது. அதைத் தீர்க்கப் பொன்னும் பொருளும் வேண்டுவதில்லை, பேச்சே போதும்.