ஆண்டுப் பிறப்பும் நியமமும்

ஆண்டு பிறக்கும் நாளிலே மக்கள் பலர் தமக்கென ஒரு நியமம் வகுத்துக்கொள்வர். வைகறையில் துயிலெழுவேன் என்பார் ஒருவர். நாடோறும் ஒரு திருப்பதிகமேனும் ஓதுவேன் என்பார் மற்றொருவர். புகையிலையை விடுவேன், வெகுளியை அடக்குவேன், வரவுக்குள் செலவை நிறுத்துவேன் என்பார் வேறு சிலர். ஆண்டின் முதல் நாள் யாது என்பதிலேயே நம்மவருக்குள் வழக்குண்டு. தமிழ்நாட்டு அரசு 2008-ஆம் ஆண்டில் தைத் திங்கள் முதல் நாளை ஆண்டுப் பிறப்பெனச் சட்டஞ் செய்தது. 2011-இல் அச்சட்டம் நீக்கப்பட்டுச் சித்திரை முதல் நாளே மீண்டும் கொள்ளப்பட்டது. சனவரி முதல் நாளைக் கொள்வாரும் பலர். எந்நாளைக் கொள்ளினும், அந்நாளிற் செய்த உறுதி ஒன்றிரண்டு திங்களுக்குள் தளர்ந்து போதல் மட்டும் யாவர்க்கும் பொதுவாயிருக்கின்றது. இத்தளர்ச்சி எதனால் வருவது, இதனை நீக்கும் வாயில் யாது என்பவற்றைச் சித்தாந்த நெறிநின்று ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாம்.

ஈண்டு முதற்கண் ஒரு தடை நிகழும். உயிரின் அறிவு இச்சை செயல்களை விளக்கி நிற்பது திருவருளே என்பது நம் கொள்கை. அற்றேல், 'யான் இது செய்வேன்' என்று உறுதி கொள்ளுதல் தற்போதமேயன்றோ? அவ்வுறுதி நிற்பதும் வீழ்வதும் அருளின்பாற்பட்டனவாயின், நாம் வகுத்துக்கொள்வதனால் ஆவதென்னை? இதற்குரிய விடையை நூலிற் காண்பதற்கு முன்னர் வயலிற் காணலாம்.

நன்னிலம் வட்டம் காவிரியின் கடைமடைக்கு அணித்தாயுள்ள நென்னாடு. அரசலாறு, திருமலைராசனாறு, முடிகொண்டானாறு முதலிய கிளைகளால் ஊட்டப்படுவது. சித்திரைத் திங்களில் இந்நாட்டு வயல்கள் வெடித்துக் கிடக்கும். ஆறுகளில் மணலன்றி நீரிராது. அந்நிலையிலேதான் உழவர் நல்லேர் பூட்டுவர். நுகத்திற்கும் மாட்டிற்கும் மஞ்சளும் குங்குமமும் இட்டுத் தேங்காய் உடைத்து வழிபட்டு, காய்ந்த நிலத்தில் சில சுற்று உழுது திரும்புவர். மாடில்லாதார் இந்நாளில் டிராக்டரைக் கொண்டும் அதனைச் செய்கின்றனர். நீரோ மேட்டூரணை திறந்த பின்னரே வரற்பாலது. 1934-இல் நிறைவெய்திய அவ்வணை வழக்கமாகத் திறக்கப்பெறும் நாள் சூன் 12. 2020-இல் அந்நாளிலேயே திறக்கப்பட்டது. 2022-இல் மே 24-லேயே திறக்கப்பட்டது. 2024-இல் சூலை 28 வரையும் காத்திருக்க நேர்ந்தது. நல்லேர் பூட்டும் நாளில் அவ்வாண்டின் நீர் என்று வருமென உழவர் எவரும் அறியார், அறியாராயினும் பூட்டாதொழியார்.

நல்லேரின் சில சுற்று உழவினால் ஒரு படி நெல்லும் விளையாது. ஆயினும் அது வெறுஞ் சடங்கன்று; உழவன் தன் நிலத்தை நோக்கி முகந்திரும்பிய அடையாளமாம். பின்னர் வரும் நீர் அவன் ஆக்கியதன்று. எனினும், வாய்க்காலைத் தூர்வாரி, வரப்பை அண்டைவெட்டிச் செப்பஞ் செய்து வைத்தவன் வயலுக்கே அந்நீர் பயன்படும். வாளா இருந்தவன் வயலைக் கடந்து போய்விடும். உயிர்க்கும் இஃதொக்கும். இச்சை, ஞானம், கிரியை என்னும் ஆற்றல்கள் உயிர்க்கு இயல்பாயுள்ளன. ஆணவத்தால் மறைப்புண்டமையின் அவை தாமே விளங்கமாட்டா. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டாயினும் ஒளியின்றிக் காணாதவாறு போல, அவை முதல்வன் விளக்கவே விளங்கும். ஒளி தருதல் ஞாயிற்றின் செயல்; இமை திறந்து நோக்குதல் கண்ணின் செயல். ஆகலின் நியமம் வகுத்தல் வாய்க்கால் வெட்டுதலாயின் குற்றமன்று. வந்த நீரை 'என்னுடையது' என்னும்பொழுதே அது தற்போதமாம் என்க.

இனி, தளர்ச்சிக்குக் காரணம் ஆராய்வோம். மனவலிமை போதாமையே காரணமென்று உலகத்தார் கூறுவர். நம் நூல்கள் அதனினும் ஆழ்ந்து நோக்குகின்றன. உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையுடையது. சார்பு மாறாதவிடத்து உறுதி மட்டும் மாறுதல் நிறமற்ற பளிங்கை வேறு நிறமாகுக என்று ஏவுதலோடொக்கும். புகையிலையை விட்டேன் என்றவன் திண்ணையிலுள்ள வெற்றிலைப் பெட்டியை எடுத்து வைத்தானில்லை. மாலையில் ஓதுவேன் என்றவன் மாலைதோறும் வம்பு பேசுங் கூட்டத்தை விட்டானில்லை. பழைய சார்பு தன் வண்ணத்தையே மீண்டும் ஏற்றிவிடுகின்றது. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம், ஞானம் பெற்றார்க்கும் அடியார் கூட்டமும் திருவேடமும் திருக்கோயிலும் சார்பாதல் வேண்டுமென விதித்தது. அவர்க்கே அங்ஙனமாயின், நம்மனோர்க்குக் கூறவேண்டா.

நன்னிலத்துக்கு அணித்தாயுள்ள திருப்புகலூரில் வாழ்ந்த முருகநாயனார் வரலாறு இதற்குச் சான்று. அவர் மேற்கொண்டது பெருஞ் செயலன்று. வைகறையில் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூக்களைக் கொய்து, காலத்துக்கேற்ற மாலைகள் தொடுத்து, வர்த்தமானீச்சரத்துப் பெருமானுக்குச் சாத்துதல், அவ்வளவே. செயல் ஒன்று, அதற்கு ஒரு பொழுது, அதற்கு ஓர் இடம். அன்றியும், அவர் திருமடமோ அப்பரும் சம்பந்தரும் சிறுத்தொண்டரும் திருநீலநக்கரும் ஒருங்கு கூடியிருந்த இடம். பொழுது அவரை எழுப்பிற்று. கோயில் அவரை அழைத்தது. கூட்டம் அவரைத் தாங்கிற்று. அன்பு அவருடையது, அவ்வன்பு நாடோறும் வழுவாது ஓடுதற்கு இவை கரைகளாயின.

அற்றேல், இத்தனை சார்பும் அமைந்தும் ஒருநாள் வழுவினால் என் செய்வது? இவ்வுரை எழுதுவான் தன் குற்றத்தை ஈண்டு மறைத்தற்கில்லை. ஓராண்டு சித்திரை முதல் நாளில் நாடோறும் ஒரு பதிகம் ஓதும் நியமத்தைத் தொடங்கினேன். ஆனித் திங்களில் உறவினர் திருமணத்தின்பொருட்டு வெளியூர் சென்ற மூன்று நாள் அது தவறிற்று. மீண்டு வந்த நாளில் ஓதியிருக்கலாம். 'முறிந்தது முறிந்ததுதானே, வருகின்ற சித்திரையிற் செவ்வனே தொடங்குவோம்' என்று நெஞ்சு கூறிற்று, அதற்கு இசைந்தேன். மூன்று நாளின் தவறு ஒன்பது திங்களின் தவறாயிற்று. ஆராயின், அந்நெஞ்சு விழைந்தது பதிகத்தை அன்று. குறைவிலா ஒரு கணக்கை. 'ஒருநாளும் தவறாதவன் யான்' என்னும் பெருமிதம் போனவுடனே இறைவன் புகழும் உடன் போயிற்று. நியமத்தின் உள்ளே ஆணவம் ஒளித்திருந்தது அப்பொழுதே வெளிப்பட்டது.

இதற்கு மருந்தும் நன்னிலத்திலேயே உளது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் பாடிய நன்னிலத்துப் பெருங்கோயில் கோச்செங்கட்சோழ நாயனார் எடுப்பித்த மாடக்கோயிலாகும். அவர் முற்பிறப்பில் திருவானைக்காவில் ஒரு சிலந்தியாயிருந்தமை பெரியபுராணத்தாற் பெறப்படும். வெண்ணாவல் மரத்தடியில் எழுந்தருளிய பெருமான்மேற் சருகு உதிராவண்ணம் அச்சிலந்தி நூலாற் பந்தரிட்டது. அங்கு வழிபட்ட யானை அதனைத் தூய்மையற்றதெனக் கருதி அழித்தது. சிலந்தி வேறோர் ஆண்டுப் பிறப்பை எதிர்நோக்கவில்லை, மீண்டும் இழைத்தது. பந்தர் அழிந்ததேயன்றிப் பணி அழியவில்லை. அதன் நாட்டம் தன் நூலின்மேலன்றிப் பெருமான் திருமேனியின் மேலதாகலின்.

யானை மீண்டும் அழித்தபொழுது சிலந்தி சினந்து துதிக்கையுட் புகுந்து கடிக்க, இரண்டும் மடிந்தன. நாயனார் நிலையில் அச்சினமும் அன்பின் மிகுதியேயாம். அதனை அளக்க நாம் தகுதியுடையேம் அல்லேம். எனினும் நம்மனோர்க்கு அதில் ஓர் எச்சரிக்கை உண்டு. யானையும் அடியாரே, அதற்கும் ஒரு நியமம் இருந்தது. வைகறைப் பூசையை நோற்பான் ஒருவன், பூ வரச் சிறிது தாழ்த்ததென்று மனைவி மக்கள்மேல் எரிந்து விழுவானாயின், அவன் காத்தது பூசையோ, தன் எண்ணமோ? அவ்வம்மையார் அடுப்படியில் ஆற்றுவதும் ஒரு பணியே என்பதை அவன் மறந்தனன். பிறரை வருத்தும் நியமம், நல்வினையாயினும், உயிரைப் பிணிக்கும் பொன்விலங்கேயாம்.

ஆகலின் ஆண்டுப் பிறப்பில் உறுதி கொள்ள விழைவார் பலவற்றை ஒருங்கே மேற்கொள்ளாது, ஒன்றனைச் சிறிதாகக் கொள்க. அதற்கெனப் பொழுதும் இடமும் வரையறுக்க. அதற்குப் பகையான சார்பை நீக்கி, துணையான ஒருவரையேனும் கூட்டிக்கொள்க. தவறிய நாளில் வருந்துக, ஆயின் மறுநாட் பொழுது வந்தவுடன் தொடங்குக. இரவில் துயிலுமுன், நடந்ததனைத் 'தந்தான் இறைவன்' என்று அவன்பால் வைத்து ஒழிக. அங்ஙனஞ் செய்யின், 'யான் செய்வேன்' எனத் தொடங்கிய உறுதி நாளடைவில் இறைபணியாய் முதிரும். நல்லேர் ஆண்டுக்கொரு முறைதான். வாய்க்காலைக் காத்தலோ நாடோறும் உள்ள தொழில். நீர் வருங்காலத்தை நாம் அறியோம். வருங்கால் நம் வாய்க்கால் திறந்திருத்தல் ஒன்றே நம்மாற் செயற்பாலது. அதற்கும் திருவருளே துணை நிற்க.