கூலியும் ஓர் அளவைதான்

 

ஊரில் பத்து வருஷம் அடுப்படியில் நின்ற பரோட்டா மாஸ்டர் ஒருவர் பெர்மிட்டில் பீடோருக்கு வருகிறார் என்று வையுங்கள். "உனக்கு மலேசியாவில் அனுபவம் இல்லையே" என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்போர் உண்டு. கடல் தாண்டியதும் கை தொழிலை மறந்துவிடுமா? அவர் அறியாதது மலாய்ப் பேச்சும் இவ்வூர் வாடிக்கையும்தான். அவை சில மாதங்களில் வந்துவிடும்.

மூஸா அலைஹிஸ்ஸலாம் அவர்கள் மத்யனுக்கு அந்நியராக வந்தார்கள். அவ்வூரில் வேலை பார்த்ததற்குச் சாட்சி கிடையாது. பெரியவரின் மகளோ அவர்களுடைய பலத்தையும் நாணயத்தையுமே கண்டார். ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்ததற்குக் கூலி கொடுக்க அழைத்தார்கள். பிறகு எட்டு வருஷம், விரும்பினால் பத்து என்று தவணை பேசினார்கள். எல்லாம் முன்கூட்டியே தெளிவானதை கஸஸ் சூராவில் காண்கிறோம்.

2025 ஆகஸ்ட் 1 முதல் சிறு கடைக்காரரும் மாதம் 1,700 வெள்ளிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டுமென்பது சட்டம். வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் அதுவே. ஆனால் அது பழகாத கைக்கும் உரிய அடிமட்டம். தேர்ந்த கையை அதிலேயே நிறுத்தி வைப்பது நீதியா? பழகும் காலம் மூன்று மாதமென்றால் அதைச் சொல்லிவிடுங்கள். நாலாம் மாதச் சம்பளத்தையும் இன்றே எழுதிக் கொடுங்கள்.

அளவையில் குறைப்போருக்குக் கேடுதான் என்று முதஃப்பிஃபீன் சூரா எச்சரிக்கிறது. தராசில் அரிசியைக் குறைக்க அஞ்சும் நாம், கூலியில் குறைக்க அஞ்ச வேண்டாமா?

அல்லாஹ் நம் கல்லாவில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.